நார்மன் தூணின் தலையைப் பார்த்துக் காலம் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் பழைய தேவாலயம் எதற்குள் போனாலும் முதலில் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் பிற்காலத்துச் சமாசாரம். ஜன்னல்களைப் பெரிதாக்கியிருப்பார்கள், கூரை இரண்டு மூன்று தடவை மாறியிருக்கும், இருக்கைகள் விக்டோரியா காலத்தவையாக இருக்கும். தூண்களை மட்டும் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. கை வைத்தால் மேலே இருக்கும் சுவர் மொத்தத்துக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் கட்டடத்தின் வயது தெரிய வேண்டுமென்றால் தூணைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் குறிப்பாக, தூணின் தலையில் இருக்கும் போதிகையை. தண்டு எந்தக் காலத்திலும் ஏறக்குறைய உருளைதான். போதிகையின் வடிவம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டு வந்தது.

இந்த வழிகாட்டி 1066-க்குப் பிறகு, ஏறத்தாழ 1190 வரை இங்கிலாந்தில் எழுந்த நார்மன் கட்டடங்களுக்கானது. நார்மண்டியும் சிசிலியும் தேவையான இடத்தில் வரும். கையில் ஒரு டார்ச்சும் சின்ன பைனாகுலரும் இருந்தால் போதும். மொபைல் டார்ச்சே கூடப் பரவாயில்லை.

நார்மன்கள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து படகில் வந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்த வைக்கிங் கூட்டம் ஒன்றின் தலைவன் ரோலோ. 911-ல் பிரெஞ்சு அரசன் செய்ன் ஆற்றின் கீழ்ப்பகுதியை அவனுக்கு விட்டுக்கொடுத்தான். நார்மண்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த வம்சத்தில் வந்த வில்லியம் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்தான். அதே நூற்றாண்டில் வேறு நார்மன் குடும்பங்கள் தென் இத்தாலியில் கூலிப்படையாக நுழைந்து, 1072-ல் சிசிலித் தீவின் பாலெர்மோ நகரையும் கைப்பற்றின. 1130-ல் இரண்டாம் ரோஜர் சிசிலியின் அரசனாக முடிசூட்டிக்கொண்டான்.

இவர்கள் எல்லோருமே கட்டிக் குவித்தார்கள். ஆனால் நார்மண்டியிலும் இங்கிலாந்திலும் சிசிலியிலும் போதிகைகள் ஒன்றுபோல இல்லை. ஆட்சி யாருடையது என்பதைவிட, கல்லைச் செதுக்கியவர்கள் எந்தப் பட்டறைப் பழக்கத்தில் வந்தவர்கள் என்பதைத்தான் போதிகை காட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: கட்டடத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

போதிகையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன், கிழக்கு எது, மேற்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பலிபீடம் கிழக்கே இருக்கும். வழிபாடு தொடங்க வேண்டுமே என்று பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கட்டுவார்கள். பணமும் கல்லும் வரவர வேலை மேற்கே நகரும். ஒரே கட்டடத்தில் கிழக்குப் போதிகைக்கும் மேற்குப் போதிகைக்கும் முப்பது, நாற்பது வருட இடைவெளி இருப்பது சாதாரணம்.

டர்ஹம் பேராலயத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1093-ல் வேலை தொடங்கியது. 1104-ல் கிழக்குப் பகுதி தயாராகி, புனித கத்பர்ட்டின் உடலை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். மேற்கே நீளும் நடுக்கூடம் முடிய 1133 ஆகிவிட்டது. கிழக்கே பெருந்தூண்களில் சுருள்கோடு வெட்டியிருக்கும். நடுக்கூடத்துக்கு வந்தால் கோணல்மாணலான (ஸிக்ஸாக்) பட்டை, சாய்சதுரம் என்று வகைகள் கூடும். நிலவறை இருந்தால் அதை முதலில் பாருங்கள். மேலே எரிந்து இடிந்து மாறினாலும் நிலவறை பல இடங்களில் தப்பித்திருக்கும்.

படி 2: போதிகையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

மேலே தட்டையாக இருப்பது பலகை. நடுவில் இருப்பது உடல், செதுக்கு வேலையெல்லாம் அங்கேதான். அடியில், தண்டைத் தொடும் இடத்தில் மெல்லிய கழுத்து வளையம்.

பலகையை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் காலம் சொல்வதில் கெட்டிக்காரத்தனம் அதற்குத்தான் அதிகம். சின்னத் தண்டுகளின் மேல் சதுரப் பலகை இருந்து, அதன் கீழ்விளிம்பைச் சாய்வாகச் செதுக்கியிருந்தால் அது நார்மன் காலத்து வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் வட்டமான, அடுக்கடுக்காக வரம்பு வைத்த பலகை இருந்தால் நார்மனுக்கு அடுத்து வந்த கோதிக் பாணி வந்துவிட்டது என்று பொருள். பெரிய உருளைத் தூண்களுக்கு இந்த விதி பொருந்தாது. குளோஸ்டரிலும் ட்யூக்ஸ்பரியிலும் ராட்சதத் தூண்களின் தலையில் வெறும் வளையம் மாதிரி மெல்லிய வட்டப் போதிகைதான் இருக்கிறது. அவை சுத்தமான நார்மன் தூண்கள்.

போதிகை ஏன் தேவை என்பதும் இந்த இடத்தில் புரிந்துவிடும். மேலிருந்து இறங்கும் வளைவின் அடிப்பாகம் சதுரம். கீழே நிற்கும் தண்டு வட்டம். சதுரத்தில் வரும் பாரத்தை வட்டத்துக்குள் இறக்க நடுவில் ஒரு கல் வேண்டும். நார்மன் கட்டடத்தில் சுவர் பருமன் அதிகம் என்பதால், ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு என்று படிப்படியாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு படிக்கும் தனித் தண்டு, ஒவ்வொரு தண்டுக்கும் தனிப் போதிகை. ஒரே கொத்துத் தூணில் ஏழெட்டுப் போதிகைகள் நெருக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

படி 3: செதுக்கலை மறந்து, அடிப்படை வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியின் முக்கியமான பகுதி இது. சிங்கம், பாம்பு, இலை எதுவாக இருந்தாலும் சரி, அதெல்லாம் மேல்பூச்சு. அடியில் இருக்கும் கல்லின் வடிவம் என்ன என்பதுதான் கேள்வி.

*சுருள் போதிகை.* ரோமானியர்களின் கொரிந்தியப் போதிகையைத் தூரத்திலிருந்து பார்த்தவர் ஞாபகத்தில் செய்தது போல இருக்கும். இலைகள் எல்லாம் போய், நாலு மூலையிலும் ஒரு சுருள் மட்டும் மிஞ்சியிருக்கும். நார்மண்டியின் சொந்தச் சரக்கு இதுதான். கான் நகரில் வில்லியம் கட்டிய புனித ஸ்டீஃபன் மடத்தில் இதன் பல வகைகளைப் பார்க்கலாம். அந்த மடத்தின் தலைவராக இருந்த லான்ஃபிராங்க் 1070-ல் கேன்டர்பரியின் பேராயராக வந்தார். கூடவே நார்மண்டிப் பாணியும் வந்தது, கான் கல்லும் கப்பலில் வந்தது. இங்கிலாந்தில் மூலைச் சுருள் போதிகையைப் பார்த்தால் பெரும்பாலும் அது 1066 வெற்றிக்குப் பிந்திய முதல் தலைமுறை வேலை. மிஞ்சிப்போனால் 1100 வரை.

*திண்டுப் போதிகை.* அங்கே வைத்திருக்கும் அறிவிப்புகளில் குஷன் கேபிட்டல் என்று போட்டிருப்பார்கள். இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று யோசித்தால் மறக்கவே மறக்காது. ஒரு கனசதுரக் கல். அடிப்பக்கத்தில் தண்டின் வட்டத்தை வரைகிறார்கள். நாலு பக்க முகங்களிலும், மேல்விளிம்பை விட்டமாக வைத்து ஆளுக்கொரு அரைவட்டம். பிறகு கீழ்மூலைகள் நாலையும் அரைவட்டக் கோட்டிலிருந்து அடி வட்டம் வரை உருட்டிச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். மேலே சதுரம், கீழே வட்டம், பக்கத்துக்கு ஒரு அரைவட்ட முகம். கவராயமும் மட்டப்பலகையும் இருந்தால் சிற்பியே தேவையில்லை, நல்ல கல்தச்சன் போதும். ஒரே அளவில் நூறு வேண்டுமென்றாலும் நூறு பேரை வைத்து வெட்டிவிடலாம். வெற்றிக்குப் பிறகு பெரிய பெரிய பேராலயங்களையெல்லாம் இடித்து ஒரே சமயத்தில் புதிதாகக் கட்ட ஆரம்பித்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. வின்செஸ்டரில் 1079-ல் தொடங்கிய வேலையின், குறுக்கே நீளும் பக்கக் கூடங்களைப் பாருங்கள். அலங்காரம் என்று ஒன்றுமே இல்லாத திண்டுகள்தான் அவ்வளவு பாரத்தையும் சுமக்கின்றன. என்னைக் கேட்டால் நார்மன் கல்வேலையில் இதற்கு மிஞ்சிய அழகு எதுவும் இல்லை.

இதில் வேடிக்கை, இந்த வடிவம் நார்மண்டியில் அரிது. ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் நகரின் புனித மைக்கேல் தேவாலயத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, முழு வளர்ச்சியோடு நிற்கிறது. ரைன் ஆற்றுப் பக்கத்து வழக்கம் எந்த வழியாக இங்கிலாந்துக்கு வந்தது என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை. 1066-க்கு முன்பே அந்தப் பக்கத்திலிருந்து குருமார்களும் ஆயர்களும் இங்கே வந்திருந்தார்கள் என்பது மட்டும் உண்மை. ஆக, இங்கிலாந்தில் நார்மன் என்று அடையாளம் காட்டப்படும் போதிகை நார்மண்டியின் சொந்தச் சரக்கல்ல. காலம்: 1070-களிலிருந்து 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை.

*சிப்பி விளிம்புப் போதிகை.* ஸ்கேலப் என்று சொல்வார்கள். திண்டின் ஒரு முகத்தில் ஒரே அரைவட்டத்துக்குப் பதிலாக இரண்டு, மூன்று, இன்னும் அதிகமாகவும் போட்டு, ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு கூம்பு செதுக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் மடிப்பு வைத்த பாவாடை போல இருக்கும். ஏறத்தாழ 1100-ல் ஆரம்பித்து நூற்றாண்டு முழுக்க ஓடியது. கிராமத் தேவாலயங்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதுதான். கூம்புகள் நேராக இருந்தால் முற்காலம். நடுவில் உள்வாங்கி, ஊதுகொம்பின் வாய் மாதிரி விரிந்திருந்தால் நூற்றாண்டின் பிற்பாதி.

*நீரிலைப் போதிகை.* அகலமான, நரம்பில்லாத வழவழ இலைகள் மேலே வந்து மூலையில் உள்பக்கமாகச் சுருளும். 1165 முதல் 1190 வரை, ஒரு தலைமுறைக்கு மட்டும் இருந்த நாகரிகம். அலங்காரத்தை வெறுத்த சிஸ்டர்சியன் துறவிகளின் மடங்களில் அதிகம் காணலாம். இதைக் கண்டால் சந்தோஷப்படுங்கள், இவ்வளவு குறுகிய காலத்தைக் காட்டும் வடிவம் வேறில்லை.

இதற்கடுத்து வருவது பிரான்சிலிருந்து வந்த கொக்கி இலைப் போதிகை. 1174-ல் கேன்டர்பரியின் பாடற்கூடம், அதாவது துறவிகள் உட்கார்ந்து பாடும் கிழக்குப் பகுதி, எரிந்தது. மறுவருடம் செந்ஸ் நகரத்து வில்லியம் என்ற கட்டடக் கலைஞர் திருப்பிக் கட்ட ஆரம்பித்தபோது இது பெரிய அளவில் உள்ளே வந்தது. நம் விஷயம் அங்கே முடிகிறது.

படி 4: இப்போது செதுக்கலைப் பாருங்கள்

கேன்டர்பரியின் நிலவறைக்கு இதற்காகவே போகலாம். பேராயர் அன்செல்ம் காலத்தில், 1096 வாக்கில் தொடங்கிய பகுதி அது. அடியில் எல்லாம் திண்டுதான், ஆனால் முகங்களில் வேலை கொட்டிக் கிடக்கிறது. புனித கபிரியேல் சிற்றாலயத்தின் போதிகை ஒன்றில் மிருகங்கள் இசைக்கருவி வாசிக்கின்றன. செதுக்கிய போதிகை வந்தால் தண்டு மொட்டையாகவும், தண்டில் வேலை இருந்தால் போதிகை மொட்டையாகவும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது முடிக்காமல் விட்ட ஒரு போதிகை. இரண்டு முகங்களில் வேலை முடிந்திருக்கிறது. ஒன்றில் உருவத்தின் வெளிக்கோடு வரை தட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மிச்சமிருப்பது வெறும் கல். ஒரு மிருகம் கல்லிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம்: முதலில் எல்லை, அப்புறம் பள்ளம், கடைசியில்தான் ரோமமும் கண்ணும். தரையில் வைத்துச் செதுக்கிவிட்டு ஏற்றினார்களா, தூணின் மேல் ஏற்றிய பிறகு செதுக்கினார்களா என்ற பழைய விவாதம் இப்படிப்பட்ட கற்களை வைத்துத்தான் நடக்கிறது. உங்கள் ஊர்த் தேவாலயத்திலும் சுவரை ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத முகத்தை எட்டிப் பாருங்கள். அங்கே வேலை பாதியில் நின்றிருந்தால் ஒரு விஷயம் கிடைத்த மாதிரி.

ஒவ்வொரு மிருகத்துக்கும் ஆன்மிக அர்த்தம் தேட வேண்டாம். சிலவற்றுக்கு இருக்கிறது. சவுத்வெல் பேராலயத்தில் நடுக்கூடமும் பக்கக் கூடங்களும் சந்திக்கும் குறுக்குவெளியில் இருக்கும் போதிகைகள் கிறிஸ்துவின் கடைசி இராவுணவையும், சீடர்களின் பாதத்தைக் கழுவியதையும் நேரடியாகவே சொல்கின்றன. ஆனால் டர்ஹம் கோட்டைக்குள் இருக்கும் சின்ன நார்மன் சிற்றாலயத்தைப் பாருங்கள். 1080-ஐ ஒட்டிய காலம். மானும் வேட்டையும் கடற்கன்னியும் சேர்ந்து நிற்கின்றன. துணிப்பட்டை, தந்தப் பெட்டி, ஏட்டுச் சுவடி எதிலிருந்து வேண்டுமானாலும் ஒரு படம் கல்லுக்கு இறங்கியிருக்கும்.

கையெழுத்து இருக்கிறதா என்றும் தேடுங்கள். நார்மண்டியில் பெர்னே மடத்தின் போதிகை ஒன்றில், தன்னைச் செய்தவன் இசெம்பார்டுஸ் என்று கல்லே பேசுவது போல லத்தீனில் வெட்டியிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உழைத்தவனின் பெயர் தெரிவது அபூர்வம்.

படி 5: கல்லையும் கருவித் தடத்தையும் பாருங்கள்

டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், சுவரை உரசுவது போலப் பிடியுங்கள். கல்லில் சாய்வாக நீளமான வெட்டுக்கள் தெரிந்தால் அது கோடாலியால் மட்டம் செய்தது. 12ஆம் நூற்றாண்டு போகப்போக உளி வேலை கூடும். கேன்டர்பரியில் வாழ்ந்த ஜெர்வேஸ் என்ற துறவி இந்த வித்தியாசத்தை அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். எரிந்துபோன பழைய பாடற்கூடத்தில் வேலை எளிமை, கோடாலியால் செய்தது. புதியதில் போதிகைகள் நுணுக்கமானவை, உளியால் செய்தவை என்கிறார். கண்ணால் இரண்டையும் பார்த்தவர்.

கல்லே இல்லாத ஊரில் என்ன நடக்கும்? செயின்ட் ஆல்பன்ஸில் 1077-ல் கட்ட ஆரம்பித்தபோது, பக்கத்தில் இடிந்து கிடந்த ரோமானிய நகரத்தின் செங்கல்லைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார்கள். செங்கல்லில் போதிகை செதுக்க முடியாது. அதனால் அங்கே தூண்கள் கனத்த சதுரக் குவியல்கள், மேலே காரைப்பூச்சும் ஓவியமும். எளிமையாக இருப்பதால் மட்டும் ஒன்றைப் பழையது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். மொட்டையான திண்டும் அப்படித்தான். பலவற்றின் மேல் ஒரு காலத்தில் வண்ணம் இருந்தது.

படி 6: சந்தேகப்படுங்கள்

விளிம்புகள் கத்தி போலக் கூர்மையாக இருந்து, எல்லாப் போதிகையும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தால், அது 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பாக இருக்கலாம். பக்கத்துக் கல்லின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். மேலே உள்ள வளைவையும் பாருங்கள். கோணல்மாணலான பட்டை வளைவைச் சுற்றி ஓடினால் அந்த வளைவு 1110-க்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். வளைவு கூராக இருந்தால் அநேகமாக அதற்கும் பிந்தியது. போதிகையும் வளைவும் வேறுவேறு காலத்தைச் சொன்னால், பழைய போதிகையை எடுத்துப் புது இடத்தில் வைத்தார்களா என்று பாருங்கள்.

படி 7: சிசிலிக்குப் போனால் இந்த விதிகளை மூட்டைகட்டி வையுங்கள்

பாலெர்மோ அரண்மனைக்குள் இரண்டாம் ரோஜர் கட்டி, 1140-ல் அர்ப்பணித்த சிற்றாலயத்தில் திண்டுப் போதிகையைத் தேடினால் ஏமாற்றம்தான். தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. சுவரில் கிரேக்கர்களின் மொசைக். கூரையில் இஸ்லாமிய உலகத்தின் தேன்கூடு வேலை. இங்கே ஒரு சின்னச் சோதனை உதவும். ரோமானியத் தூணில் கழுத்து வளையம் தண்டோடு சேர்ந்திருக்கும். இடைக்காலத் தூணில் பெரும்பாலும் போதிகைக் கல்லோடு சேர்ந்திருக்கும். இணைப்புக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்.

மொன்ரேயாலே மடத்து முற்றம் இதன் உச்சம். ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் 1170, 1180-களில் கட்டியது. நாலு பக்கமும் இரட்டை இரட்டையாக 228 தூண்கள், பாதிக்குப் பாதி மொசைக் பதித்தவை, மேலே பளிங்குப் போதிகைகள். ஒன்றில் அரசன் தேவாலயத்தையே பொம்மை மாதிரிக் கையில் ஏந்தி மாதாவிடம் கொடுக்கிறான். இன்னொன்றில் காளையைக் கொல்லும் ஆள், ரோமானியர் காலத்தில் மித்ரன் என்ற கடவுளை வழிபட்டவர்களின் சிற்பத்தை அப்படியே எடுத்தது. கிறிஸ்தவ மடத்துக்குள் இது எப்படி என்று கேட்டால், அந்தச் சிற்பிகளைச் சுற்றிப் பழைய ரோமானியச் சிற்பங்கள் இறைந்து கிடந்தன. கைக்குக் கிடைத்த நல்ல உருவத்தை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

ஒரு முழுப் பயிற்சி: லண்டன் கோபுரம்

எல்லாப் படியையும் ஒரே இடத்தில் செய்து பார்க்க, லண்டன் டவரின் வெள்ளைக் கோபுரத்துக்குள் இருக்கும் புனித ஜான் சிற்றாலயம் தோது. தூண்கள் கட்டை குட்டையான உருளைகள். பலகை சதுரம். போதிகைகள் பலவற்றில் மூலைச் சுருள் தேய்ந்துபோய் வெறும் நீட்டலாக நிற்கிறது, நடுவில் ஆங்கில டி எழுத்து போன்ற சிலுவை மட்டும் விட்டிருக்கிறார்கள்.  வளைவுகளில் கோணல்மாணல் பட்டை கிடையாது.

சரி, கணக்குப் போடுங்கள். சுருள் போதிகை, சதுரப் பலகை, பட்டை இல்லாத வளைவு. 11ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி என்று வரும். ஆவணம் என்ன சொல்கிறது? கோபுரத்தின் வேலை 1070-களில் தொடங்கியது. 1100-ல் டர்ஹம் ஆயர் ஃபிளாம்பார்டை இங்கேதான் சிறைவைத்தார்கள், ஆக அதற்குள் ஆள் தங்கும் அளவுக்குக் கட்டி முடித்திருந்தார்கள். அவர் மறுவருடமே கயிறு கட்டி ஜன்னல் வழியாகத் தப்பித்துவிட்டார். டர்ஹமின் அந்த நடுக்கூடத்தில் பெரும்பகுதி பிறகு அவர் காலத்தில்தான் எழுந்தது.

உங்கள் குறிப்பில் ஒற்றை வருடம் எழுதாதீர்கள். 1075–1100 என்று எல்லை போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். பிரிட்டன், அயர்லாந்தின் ரோமனெஸ்க் (நார்மன் பாணியும் இதில் அடக்கம்) சிற்பங்களைத் தேவாலயம் தேவாலயமாகப் பட்டியலிடும் இணையத் தொகுப்பு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதை முதலில் திறக்க வேண்டாம். நீங்களாக ஒரு எல்லை போட்ட பிறகு, வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.